கார் ஸ்டார்ட் ஆகவில்லை, மீட்டர் போர்டில் விளக்குகள் எரிகின்றன: எதிலிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு வாசலில் நிற்கும் உங்கள் ஏழு வயதுப் பெட்ரோல் கார், இரண்டு மூன்று நாட்கள் எடுக்காமல் விட்டால் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. சாவியைத் திருப்பினால் ‘டக் டக் டக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் கேபிள் கொடுத்தால் உடனே எடுத்துக்கொள்கிறது. பேட்டரியை மாற்றிய சில வாரங்களில் மறுபடியும் அதே நிலை. இப்போது ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஸ்டீயரிங், செக் இன்ஜின் ஆகிய மூன்று விளக்குகளும் சேர்ந்து எரிகின்றன. ஒருவர் இன்ஜினைச் சுற்றி எடுக்க வைக்கும் செல்ஃப் மோட்டார் என்கிறார், இன்னொருவர் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் என்கிறார், மூன்றாமவர் கம்ப்யூட்டரே போய்விட்டது என்கிறார்.

மூவரும் அளந்து பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று பேட்டரியிலிருந்து கரண்டை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது என்றும், மூன்று விளக்குகளும் தனித்தனிப் பழுதுகள் அல்ல, வோல்டேஜ் இறங்கியதன் விளைவு என்றும் நினைக்கிறேன். ஆனால் இதையும் நீங்கள் அப்படியே நம்ப வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கினால், நான் சொல்வது சரியா தவறா என்று வீட்டிலேயே தெரிந்துவிடும்.

சாவியைத் திருப்பும்போது வரும் சத்தத்திலிருந்தே பாதி விஷயம் பிடிபடும். வேகமான, அடுக்கடுக்கான ‘டக் டக்’ சத்தம் வந்தால், செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடும் காந்த சுவிட்சான சோலனாய்டு இழுக்கிறது, மோட்டார் கரண்டு கேட்ட உடனே வோல்டேஜ் விழுந்து சோலனாய்டு விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது என்று பொருள்; பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு ‘டக்’ சத்தம், அதே நேரத்தில் ஹெட்லைட் மங்காமல் பளிச்சென்று எரிகிறது என்றால், சந்தேகம் செல்ஃப் மோட்டார் பக்கம் திரும்ப வேண்டும். செல்ஃப் நன்றாக அடித்து இன்ஜின் சுற்றியும் எடுக்கவில்லை என்றால், அது பேட்டரிக் கதையே அல்ல; பெட்ரோல், தீப்பொறி, வண்டி சாவியை அடையாளம் காண்பது இவற்றில் ஒன்று. எந்தச் சத்தமும் இல்லை, உள்விளக்கும் எரியவில்லை என்றால் டெர்மினல் கழன்றிருக்கலாம் அல்லது பேட்டரி முற்றிலும் காலியாகியிருக்கலாம். உங்களுக்கு வருவது முதல் வகை என்பதால், செல்ஃப் மோட்டாரைக் கழற்றச் சொன்னவரின் யோசனையை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம்.

இனி அளவுகள். வண்டியை அணைத்து ஓர் இரவு விட்டபின், பானெட்டைத் திறந்து பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் அதை இறங்கிய பேட்டரியாகவே கொள்ள வேண்டும். அடுத்து வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, செல்ஃப் அடிக்கும் அந்தச் சில நொடிகளில் மீட்டரைப் பாருங்கள்: நம் ஊர் வெப்பநிலையில் அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. ஓய்வில் 12.6 காட்டிவிட்டு, செல்ஃப் அடிக்கையில் 8க்கோ 7க்கோ சரிந்தால், பேட்டரியின் உள்ளே செல் ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். புதுப் பேட்டரியாக இருந்தாலும் இது நடக்கும். இன்ஜின் ஓடத் தொடங்கியபின் அதே முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. ஹெட்லைட், ஏசி ஃபேன் எல்லாம் போட்ட பிறகும் 13.5க்கு மேல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டால் ஆல்டர்னேட்டரைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் முடிந்துவிடும். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பேட்டரி நன்றாக இருந்து, செல்ஃப் மட்டும் சோம்பலாகச் சுற்றுமானால், கேபிளைப் பாருங்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், சுடுநீரில் ஆப்பசோடா கலந்து ஊற்றிக் கழுவி, உலர்த்தி, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் போதும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியாக நெகட்டிவ் என்பதை மறக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இடம் எர்த் ஒயர். அது இன்ஜினிலும் பாடியிலும் போல்ட் போட்டுப் பிடித்திருக்கும் இடத்தில் துரு ஏறியிருக்கும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும், மறுமுனையை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்து செல்ஃப் அடித்தால், 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள். செல்ஃப் மோட்டார் மாற்றும் செலவு மிச்சமாகும்.

இப்போது உங்கள் காருக்கு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சாவியை எடுத்துப் பூட்டியபின்னும் காரில் சிறிதளவு கரண்டு ஓடிக்கொண்டுதான் இருக்கும். கடிகாரம், பூட்டு, சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபிலைசர் இவற்றுக்காக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை போவது இயல்பு. 35 ஆம்பியர் ஹவர் கொள்ளளவுள்ள பேட்டரிக்கு இது பெரிய சுமையல்ல. ஆனால் எங்கோ 300 மில்லி ஆம்பியர் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு 7.2, மூன்று நாளைக்கு 21 ஆம்பியர் ஹவருக்கு மேல் போய்விடும். பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. தினமும் எடுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, சனி ஞாயிறு விட்டுத் திங்களன்று எடுத்தால் ஆகவில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதுமான விளக்கம்.

கசிவை அளக்கும் முறை எளியது, ஆனால் பொறுமை வேண்டும். பானெட்டைத் திறந்து வைத்து, கதவுகளை மூடி, சாவியைத் தள்ளி வையுங்கள். மீட்டரை 10 ஆம்பியர் அளவுக்கு மாற்றி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் கம்பத்துக்கும் நடுவில் மீட்டரைத் தொடராக இணையுங்கள். முதலில் பெரிய எண் காட்டும். பயப்பட வேண்டாம், வண்டியின் கண்ட்ரோல் யூனிட்டுகள், அதாவது உள்ளே இருக்கும் சிறு கம்ப்யூட்டர்கள், உறங்கப்போக அரை மணி நேரம் வரை ஆகலாம். அதன்பிறகும் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் நின்றால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். எதை உருவியதும் எண் விழுகிறதோ, அந்த வழியில்தான் திருடன் இருக்கிறான். மீட்டர் தொடராக இருக்கும்போது மட்டும் யாரும் வண்டியை ஸ்டார்ட் செய்ய முயலக்கூடாது, மீட்டரின் ஃபியூஸ் எரிந்துவிடும்.

என் அனுபவத்தில், திருடன் பெரும்பாலும் கம்பெனி பொருத்திய பொருளாக இருப்பதில்லை. பிறகு மாட்டிய டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், வெளியில் வாங்கிய மியூசிக் சிஸ்டம், ஆம்ப்ளிஃபயர், சாவி இல்லாமலே கரண்டு வரும் ஒயரில் ஒட்டுப்போட்ட எல்இடி விளக்குகள் ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள். பழுதை ஸ்கேன் செய்வதற்காக ஸ்டீயரிங்கின் கீழுள்ள போர்ட்டில் செருகிய புளூடூத் கருவியை அங்கேயே விட்டுவிடுவதும் ஒரு காரணம். டிக்கி விளக்கு மூடியபின்னும் எரிகிறதா என்பதை, செல்பேசியில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும். இவை எதுவும் இல்லை, எந்த ஃபியூஸை உருவினாலும் எண் விழவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டயோடு (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்) கசிவதாக இருக்கலாம். ஓடும்போது 14 வோல்ட் கொடுத்துக்கொண்டே, நிற்கும்போது பேட்டரியை இறக்கும் ஆல்டர்னேட்டர்கள் உண்டு. மேலே ‘பெரும்பாலும்’ என்று சொன்னது இதற்காகத்தான்.

புதுப் பேட்டரி ஏன் அதற்குள் விழுந்தது என்பதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கும். ஜம்பர் கொடுத்து எடுத்த வண்டியை காட்பாடி வரை ஓட்டிவிட்டுத் திரும்பினால் பேட்டரி நிறைந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பாலாற்றுப் பாலத்து நெரிசலில் ஏசி போட்டபடி ஐட்லிங்கில் நின்ற இருபது நிமிடம், பாதி இறங்கிய பேட்டரியை நிரப்பவே நிரப்பாது; அதற்குப் பல மணி நேரம் தேவை. நிரம்பாமலே கிடக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து, அதன் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும்.

வேலூர் வெயிலும் இதில் பங்காளி. சித்திரை, வைகாசி மாதங்களில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே புதிதல்ல. பானெட்டுக்குள் அதைவிட மிக அதிகம். பேட்டரியை உண்மையில் கெடுப்பது வெப்பம்: உள்ளே தகடுகள் அரிக்கின்றன, தண்ணீர் ஆவியாகிறது. ஆனால் கெட்டுப்போனது தெரியவருவது மார்கழிக் காலையில், ஆயில் கெட்டியாகி செல்ஃப் அதிக கரண்டு கேட்கும்போதுதான். ஆகவே கத்திரி தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் பேட்டரியைச் சோதித்துப் பாருங்கள். மூடி திறக்கும் வகையாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். பாலாற்றுத் தண்ணீரோ, கேன் தண்ணீரோ, ஏசியிலிருந்து வடியும் தண்ணீரோ வேண்டாம். சிக்னலில் தானாக அணைந்து எழும் வசதியுள்ள வண்டிக்கு, அதற்கென உள்ள இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைப் பேட்டரிதான் போட வேண்டும். விலை குறைவு என்று சாதாரணப் பேட்டரியைப் போட்டால் அது சீக்கிரம் சாகும்.

செல்ஃப் நன்றாக அடித்தும் எடுக்காத வண்டிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டில் இன்னொரு கார் இருப்பதாக எழுதியிருப்பதால். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி அமைதியாகக் கேளுங்கள். பின்சீட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு நொடி ‘ஹும்’ என்று பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் பம்பின் ஃபியூஸ், ரிலே, பிறகு பம்ப் என்று வரிசையாகப் பாருங்கள். டேங்கை எப்போதும் காய்ந்த நிலையிலேயே வைத்து ஓட்டுபவர்களின் பம்ப் சீக்கிரம் போவதற்குக் காரணம், அந்தப் பம்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான். மீட்டர் போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் விடாமல் மின்னினால் இம்மொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவியின் பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், பெரும்பாலான மாடல்களில் அந்தச் சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்து அழுத்தினால் எடுக்கும். கிளட்சுக்கு அடியில் கால்மிதி சுருண்டு, பெடல் முழுதும் இறங்காததால் செல்ஃப் அடிக்காத வண்டிகளுக்கு மெக்கானிக்கை வரவழைத்தவர்களும் உண்டு. சிரிப்பாகத் தோன்றினாலும் முதலில் அதைப் பாருங்கள்.

உச்சிவெயிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்று, அரை மணி நேரம் ஆறியபின் ஒன்றுமே நடக்காததுபோல எடுத்துக்கொள்ளும் வண்டிகளில் இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் சிறிதும் அசையவில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது. இன்னொன்று எலி. நெல் களமோ மளிகைக் கிடங்கோ பக்கத்தில் இருக்கும் தெருக்களில் நிறுத்தும் காருக்கு எலி கடித்த ஒயர் அரிதான காரணமல்ல. இரவோடிரவாக எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பழுது வந்தால், ஸ்கேனரைத் தேடும் முன் டார்ச் எடுத்து பானெட்டுக்குள் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி நின்றுபோன வண்டியை மட்டும் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், தண்ணீர் அமுங்காது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஃபில்டரும் பிளக்கும் கழற்றித் தண்ணீரை வெளியேற்றுவதோடு முடிய வேண்டிய வேலை, ஒரு சாவித் திருப்பலில் இன்ஜினை இறக்கும் வேலையாக மாறும். சாதாரணக் காப்பீட்டில் இப்படிக் கெட்ட இன்ஜினுக்குப் பணம் கிடைப்பது கடினம். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் சேர்க்கை எடுத்திருக்கிறீர்களா என்று பாலிசியைப் பாருங்கள்.

விளக்குகளுக்கு வருவோம். சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் விரைவில் பார், பச்சையும் நீலமும் தகவல் என்பது பொதுவான வழக்கம். சாவியை ஆன் செய்ததும் எல்லா விளக்குகளும் சில நொடி எரிவது அவை உயிரோடு இருப்பதைக் காட்டத்தான். ஆயில், பேட்டரி, செக் இன்ஜின் ஆகியவை இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்தச் சில நொடிகளைக் கவனிக்க வேண்டும். அங்கே ஏர்பேக் விளக்கோ செக் இன்ஜின் விளக்கோ எரியவே இல்லை என்றால், பழுதை மறைக்க யாரோ அதன் இணைப்பை எடுத்திருக்கக்கூடும்.

சிவப்பு விளக்குகளில் நான் அதிகம் அஞ்சுவது ஆயில் குவளைப் படத்துக்கு. அது பெரும்பாலான கார்களில் ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. ஓடும்போது அது எரிந்தால், அந்த நொடியில் பேரிங்குகளுக்கு ஆயில் போகவில்லை. பெங்களூர் சாலையில் அடுத்த பங்க் வரை போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டிய அந்த இரண்டு கிலோமீட்டரில் இன்ஜின் சுற்ற முடியாமல் இறுகிப்போகும். ஓரங்கட்டி அணைத்து, சமதளத்தில் சில நிமிடம் விட்டு டிப்ஸ்டிக் பாருங்கள். ஆயில் சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லை என்றால், இழுவை வண்டியை அழையுங்கள்; சென்சார்தான் கெட்டிருக்கும் என்ற ஊகத்தில் ஓட்டாதீர்கள்.

டெம்பரேச்சர் விளக்கு சிவப்பாக எரிந்தாலும் நிறுத்த வேண்டியதுதான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏசியோடு ஏறும்போது முள் உயரத் தொடங்கினால், விளக்கு எரியும் முன்பே ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதும் திறந்துவிட்டால் இன்ஜின் வெப்பம் கொஞ்சம் வெளியேறும். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. முழுதும் ஆறும்வரை கை வைக்கக் கூடாது. பேட்டரிப் படம் ஓடும்போது எரிந்தால், சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். பள்ளிகொண்டா அருகே எரிந்தால், ஏசி முதலானவற்றை அணைத்துவிட்டுப் பகலில் வேலூர் வந்து சேரலாம். ஆனால் அதற்கு முன் பெல்ட் அறுந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், ஏனெனில் பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. ஹேண்ட் பிரேக்கை இறக்கியபின்னும் பிரேக் விளக்கு எரிந்தால் பெரும்பாலும் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. ஊற்றி நிரப்புவதோடு விடாமல், பேடு தேய்ந்ததா, கசிவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மஞ்சள் விளக்குகளில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான ஒன்று, உங்களுக்கு நேர்ந்திருப்பதே. ஏபிஎஸ்ஸும் மின்சார ஸ்டீயரிங்கும் வோல்டேஜ் குறைவைத் தாங்காதவை. செல்ஃப் அடிக்கையில் 8 வோல்ட்டுக்கு விழுந்தால் ஒவ்வொரு கண்ட்ரோல் யூனிட்டும் தனித்தனியே புகார் பதிவுசெய்துகொள்ளும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விளக்குகள் ஒரே காலையில் சேர்ந்து எரிந்தால், முதலில் பேட்டரியையும் எர்த்தையும் சரிசெய்து, அதன்பின் எது மிஞ்சுகிறது என்று பாருங்கள். செக் இன்ஜின் தனியாக, நிலையாக எரிந்தால் சில நாட்களுக்குள் ஸ்கேன் செய்தால் போதும். அது மின்னி மின்னி எரிந்தால் சிலிண்டர் ஒன்று சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் போய் அதை உருக்கிவிடும், ஆகவே வேகத்தைக் குறைத்து உடனே கடைக்குப் போக வேண்டும்.

ஸ்கேனர் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வண்டியில் ஸ்டீயரிங்கின் கீழ் 16 பின் போர்ட் இருக்கும். புளூடூத் கருவியும் செல்பேசிச் செயலியும் இருந்தால் இன்ஜினின் பழுதுக் குறியீடுகளை, அதாவது ‘கோடு’களை, படித்துவிடலாம். மலிவான கருவிகள் ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளைப் பெரும்பாலும் படிக்காது. கோடு என்பது தீர்ப்பு அல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள்: பி0335 வந்தால் கிராங்க் சென்சார் சுற்றில் கோளாறு என்றுதான் பொருள், அது எலி கடித்த ஒயராகவும் இருக்கலாம். பி0562 என்றால் வோல்டேஜ் குறைவு. உங்கள் காரில் இது வரும் என்று எதிர்பார்க்கிறேன். ‘லைட்டை அழித்துத் தருகிறேன்’ என்பவரிடம், அழிக்கும் முன் கோடுகளைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அழித்தால், பழுது வந்த கணத்தில் பதிவான வேகம், வெப்பநிலை முதலிய விவரங்களும் சேர்ந்து அழிந்துவிடும்.

உங்கள் வீட்டு இரண்டாவது கார் பிஎஸ்6 டீசல் என்றால் புகை வடிகட்டி விளக்கையும் அறிந்திருங்கள். பாகாயத்துக்கும் காட்பாடிக்கும் இடையிலேயே ஓடும் வண்டியில் வடிகட்டி சூடேறாமல் கரி அடைக்கும். மஞ்சளாக எரிந்த அன்றே நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டருக்குக் குறையாத சீரான வேகத்தில் இருபது நிமிடம் போல ஓட்டினால் பெரும்பாலும் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். நாட்கணக்கில் விட்டால் பணிமனையில்தான் சுத்தம் செய்ய முடியும்.

ஆகவே உங்கள் பெட்ரோல் காருக்கு நான் சொல்லும் வரிசை இது. பேட்டரியைக் கழற்றி, வாங்கிய கடையிலேயே மெதுவான சார்ஜில் ஓர் இரவு போடச் சொல்லி, மறுநாள் லோடு டெஸ்ட் (சுமை கொடுத்துப் பேட்டரி தாங்குகிறதா என்று பார்ப்பது) செய்யுங்கள். தேறவில்லையென்றால் வாரண்டியில் மாற்றித் தரச் சொல்லி, டெஸ்ட் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். தேறினால் மாட்டி, பின்னர் பொருத்திய கருவிகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மூன்று நாள் நிறுத்திப் பாருங்கள். நான்காம் நாள் 12.5 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் திருடன் அந்தக் கருவிகளில் ஒன்று. ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக் கண்டுபிடிக்கலாம். அப்போதும் இறங்கினால் கசிவை அளந்து, அந்த எண்ணையும், எந்த ஃபியூஸில் விழுந்தது என்பதையும் குறித்துக்கொண்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். வாங்கிய முதல் வாரங்களிலேயே முற்றிலும் இறங்கிய பேட்டரி என்பதால், கசிவைச் சரிசெய்த பிறகும் அது வழக்கமான ஆயுளைத் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.